ரத்தாத் பேரைத் தேடினால்

வாதி மூசா
6 மார்ச் 2022

தம்பி ஆகிஃபுக்கு,

நலம். அம்மாவும் நலம். போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால்தான் விடுதியின் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

விடுதிக்கு ஆள் வருவதில்லை. பெத்ராவின் பாறை நகரத்தைப் பார்க்க ஊருக்குள் பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்குகிறார்கள், நம் படி மட்டும் யாரும் ஏறுவதில்லை. போன வாரம் ஒரு போலந்து ஜோடி வந்தது. எப்படி எங்களைக் கண்டுபிடித்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். எதிர் விடுதிக்குத்தான் வந்தார்களாம், அங்கே இடமில்லையாம். நம் இணையதளத்தை நம் சின்னவன் ரத்தாத்தான் பார்த்துக்கொண்டான். டிசம்பரில் அவன் போனபிறகு அதை யாரும் தொடவில்லை. நேற்று 'வாதி மூசா விடுதி' என்று போனில் அடித்துப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். எங்கேயும் நாம் இல்லை. அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது, விட்டுவிட்டேன்.

இது உன் தொழில். அம்மான் நகரத்தில் கண்டவன் கடையையெல்லாம் தேடுபொறியில் மேலே ஏற்றிவிடுகிறாய், பல் டாக்டரை ஏற்றுகிறாய், டயர்க் கடையை ஏற்றுகிறாய். நம்முடையதையும் ஏற்று. கோடைக்குள் ஆள் வராவிட்டால் விடுதியைப் பூட்டிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஃபவ்வாஸ் பெரியப்பா வீட்டு மாடிக்குப் போய்விடுவேன். வருத்தப்பட்டு எழுதவில்லை. ரத்தாத்தை அடக்கம் செய்த நாளிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. பருப்பு சூப்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்றுகூடக் குடித்துப் பார்த்தால் தெரியவில்லை.

நீ ஊருக்கு வர வேண்டும் என்று கேட்கவில்லை. காபி விஷயத்தையும் எடுக்கவில்லை. வேலையை மட்டும் கேட்கிறேன்.

ஸிஹாம்

~

அம்மான்
9 மார்ச் 2022

அக்கா,

காபி விஷயத்தை எடுக்கவில்லை என்று எழுதியே எடுத்துவிட்டாய். நல்லது, நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சக்ர் போனில் பேசிக்கொண்டே வண்டியை இறக்கத்தில் விட்டு நம் ரத்தாத்தைக் கொன்றான். அவன் வீட்டார் ஊர்ப் பெரிய மனிதர்களையெல்லாம் திரட்டிக்கொண்டு சமாதானம் கேட்டு நம் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவன் அப்பா காபிக் கோப்பையை வாயில் வைக்காமல் தரையில் வைத்தார். கேட்டதைக் கொடுத்தால்தான் குடிப்பார்களாம். பெரியப்பா ஒரு நிமிஷம் யோசித்தாரா? "குடிங்க, நீங்க கேட்டது கிடைச்சாச்சு. இனி இந்தப் பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டார். கோப்பைகள் வாய்க்குப் போகுமுன் நான் எழுந்து வந்துவிட்டேன். அந்தக் காபியில் ஒரு சொட்டுகூட என் தொண்டையில் இறங்கவில்லை. இதோடு விட்டேன்.

இனி வேலை. 'வாதி மூசா விடுதி' என்ற சொல்லை மறந்துவிடு. அந்த வாசலில் பெரிய ஹோட்டல்காரர்கள் எல்லாம் நிற்கிறார்கள், நாம் முண்டியடித்தால் சட்டைதான் கிழியும். யாரும் நிற்காத வாசலைப் பார்க்க வேண்டும். நம்மிடம் வருகிறவர்கள் காலைச் சாப்பாட்டு மேஜையில் உன்னிடம் என்ன கேட்கிறார்கள்? அதைத்தான் வருவதற்கு முன்பு தேடுபொறியிலும் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லாகவே எனக்கு எழுதி அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் போடுவேன்.

நம் தளத்தை முழுசாகத் திறந்து பார்த்தேன். முகப்பில் 'வருக வருக' என்று மட்டும் தலைப்பு இருக்கிறது. எந்த ஊர், என்ன கடை என்று ஒன்றும் இல்லை. உலகத்தில் கல்யாண மண்டபம்கூட வருக வருக என்றுதான் போட்டிருக்கும். படங்கள் ஒவ்வொன்றும் பாறாங்கல் கனம், திறப்பதற்குள் ஆள் ஓடிவிடுவான். வரைபடத்தில் நம் விடுதி ஓடைக்குள் இருக்கிறது. ரத்தாத் எப்போதும் இப்படித்தான். எல்லாவற்றையும் ஆசையாகச் செய்வான், அரைகுறையாகச் செய்வான். சரி செய்கிறேன்.

ஆகிஃப்

~

வாதி மூசா
28 மார்ச் 2022

தம்பிக்கு,

கேள்விகள் எழுதியிருக்கிறேன். பெத்ரா வாசலுக்கு நடந்தே போகலாமா, பெட்டியைச் சாயங்காலம் வரை வைத்துக்கொள்வீர்களா, முட்டை சாப்பிடாதவர்களுக்குக் காலையில் என்ன கொடுப்பீர்கள், அகபாவுக்குக் காலை பஸ் எத்தனை மணிக்கு. கடைசிக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு என்ன பதில் எழுதுவது? அந்த பஸ் நிரம்பினால் கிளம்பும். நிரம்பாவிட்டால் டிரைவர் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

முந்தாநாள் ரொட்டிக் கடையில் சக்ரின் அம்மா நின்றாள். என்னைப் பார்த்ததும் வரிசையிலிருந்து விலகி இடம் விட்டாள். வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்குக் கோபமும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. ரொட்டி சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா பேசுவது குறைந்துவிட்டது. காலையில் தொழுதபிறகு போனை முகத்தருகே பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுகிறாள். குர்ஆன் ஓதுவதைக் கேட்கிறாள் என்று நினைக்கிறேன், தொந்தரவு செய்வதில்லை.

ஸிஹாம்

~

அம்மான்
10 மே 2022

அக்கா,

பெருநாள் வாழ்த்து. வரமுடியவில்லை. வரமுடியாமல் இல்லை, வரவில்லை. தெரு முனையில் நின்று சக்ரின் அண்ணன்மார் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொல்ல என்னால் ஆகாது.

பஸ் பதிலை நீ சொன்னபடியே போட்டேன். 'நிரம்பினால் கிளம்பும், சீக்கிரம் போய் உட்காருங்கள், டிரைவரோடு தேநீர் குடிப்பது நல்லது.' மற்ற தளங்களில் எல்லாம் பொய் நேரம் போட்டு வைத்திருக்கிறான்கள். நம் பக்கம்தான் இப்போது அந்தக் கேள்விக்கு முதலில் வருகிறது. உண்மையைச் சொன்னால் தேடுபொறிக்கும் பிடிக்கும் போலிருக்கிறது. என் முதலாளியிடம் சொன்னேன், சிரித்தார்.

இன்னும் ஒன்று வேண்டும். மற்ற தளங்கள் நம்மைக் கைகாட்ட வேண்டும். ஊரில் நாலு பேர் 'அவர்கள் வீட்டுக்குப் போ' என்று சொன்னால் எப்படியோ அப்படித்தான் இதுவும். தங்கிப் போனவர்களில் பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இருந்தால் நம் முகவரியைப் போடச் சொல்லிக் கேள். கூச்சப்படாதே. ஏற்கெனவே சில செய்தித் தளங்கள் நம் பக்கம் ஒன்றைக் கைகாட்டுகின்றன, அதனால் மொத்தத் தளமும் மேலே வந்துகொண்டிருக்கிறது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகிஃப்

~

வாதி மூசா
17 ஜூலை 2022

தம்பிக்கு,

ஆள் வருகிறது. இந்த வாரம் ஒரு அறையும் காலியில்லை. துவைத்த விரிப்புகள் காய்வதற்குள் அடுத்தவர்கள் வந்துவிடுகிறார்கள். விடுதியைப் பூட்டுகிற பேச்சை விட்டுவிட்டேன். உன் வேலை நல்ல வேலைதான். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது, வந்ததும் படுகிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. இர்பிதிலிருந்து வந்த ஒரு குடும்பம், கிளம்பும்போது அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தம்பி விஷயம் படிச்சோம்மா. அந்தப் பாவி நல்லா இருப்பானா?" என்றாள். எங்கே படித்தாள் என்று கேட்பதற்குள் கார் கிளம்பிவிட்டது. செய்தித் தளங்கள் கைகாட்டுகிற பக்கம் என்று எழுதினாயே, அது எந்தப் பக்கம்?

ஸிஹாம்

~

வாதி மூசா
11 செப்டம்பர் 2022

ஆகிஃப்,

போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. பதில் இன்று நம் வீட்டுக்கே வந்துவிட்டது.

சக்ருக்கு மஆன் ஊரில் பெண் கேட்டுப் போயிருக்கிறார்கள். நம் பெரியப்பாவையும் மரியாதைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். கோப்பையைக் கீழே வைத்துக் கேட்டார்களாம். பெண்ணின் அப்பா போனை எடுத்து நீட்டினாராம். 'மாப்பிள்ளை பேரைத் தேடினேன். முதல்ல வந்தது இது. நீங்களே படிச்சுப் பாருங்க' என்றாராம். நம் விடுதியின் தளம். மேலே ரத்தாத்தின் படம். கீழே சக்ரின் முழுப் பேர், அப்பா பேர், தெருப் பேர், போனில் பேசிக்கொண்டே ஓட்டிக் கொன்றவன் என்று. காபியைக் குடிக்காமலே எல்லோரும் எழுந்து வந்திருக்கிறார்கள். பெரியப்பாவும்தான்.

நேராக இங்கே வந்தார். உட்காரவில்லை. "என் முகத்தை ஜாமீனாக் கொடுத்து இந்தப் பேச்சு இனி இல்லன்னு சொன்னேன். என் முகத்தை உன் தம்பி ஊர் ஊரா ஒட்டி வச்சிருக்கான். அதுக்குப் பக்கத்துல ரூம் வாடகை வேற" என்றார். எழுபது வயதில் இனி எந்தச் சபையில் போய் உட்காருவது என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பக்கம் போகவில்லை என்றால் சமாதானம் முறிந்தது என்று சக்ரின் வீட்டார் சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

பிறகு நான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். நமக்கு வந்த ஆட்களெல்லாம் இந்த வாசல் வழியாக வந்தவர்களா?

ஸிஹாம்

~

அம்மான்
13 செப்டம்பர் 2022

அக்கா,

பாதிக்கு மேல் அந்த வாசல் வழியாகத்தான். மறைக்க ஒன்றுமில்லை. நீ வேலை கேட்பதற்கு முன்பே, பிப்ரவரியிலேயே போட்டேன். சக்ரின் பேரைத் தேடினால் முதலில் நம் பக்கம்தான் வர வேண்டும் என்று முடிவு செய்து போட்டேன். பல் டாக்டருக்குச் செய்கிற வேலையை என் தம்பிக்குச் செய்யக் கூடாதா? சக்ரின் பேரையும் ரத்தாத்தின் பேரையும் தலைப்பில் வைத்தேன், செய்தித் தளங்களுக்கு அனுப்பினேன், அவர்கள் கைகாட்டினார்கள். ஒரு பொய்யும் எழுதவில்லை.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவனுக்குக் கல்யாணம்! அந்தப் பெண்ணின் அப்பா தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டார். வாக்குக் கொடுத்தவர் பெரியப்பா, குடித்தவர்கள் மற்றவர்கள். நான் அந்தக் காபியைக் குடிக்கவில்லை. அந்த வாக்கு என்னைக் கட்டாது. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார், குடிக்காதவனைக் கேட்க அவர்களுக்கு வாயில்லை.

பக்கம் இருக்கும்.

ஆகிஃப்

~

வாதி மூசா
14 செப்டம்பர் 2022

ஆகிஃப்,

நீ குடிக்கவில்லை. சரி. அந்தக் காபியைக் காய்ச்சியது யார் என்று நினைக்கிறாய்?

நான்தான் காய்ச்சினேன். விடிந்ததும் கொட்டையை வறுத்தேன், ஏலக்காய் இடித்தேன். கூடத்தில் எத்தனை பேர் என்று எட்டிப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினேன். என் தம்பியைக் கொன்றவனின் அப்பாவுக்காகக் காய்ச்சுகிறேன் என்று தெரிந்துதான் காய்ச்சினேன். நீ எழுந்து போனாய், உனக்குப் போக அம்மான் இருந்தது. நானும் அம்மாவும் இந்தத் தெருவில்தான் ரொட்டி வாங்க வேண்டும், இந்தத் தெருவில்தான் சாக வேண்டும். பெரியப்பா கொடுத்த வாக்கில்தான் நாங்கள் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

எடுத்துவிடு. கெஞ்சவில்லை. கெஞ்சுகிற அளவுக்கு எனக்குள் ஒன்றும் மிச்சமில்லை.

ஸிஹாம்

~

அம்மான்
15 செப்டம்பர் 2022

அக்கா,

நீ காய்ச்சினாய் என்பது எனக்குத் தெரியாது. கடைப்பையன் யாரோ என்று நினைத்திருந்தேன். நான் எதையும் கேட்காமல் வந்துவிட்டேன்.

எடுத்துவிடுகிறேன். ஆனால் ஒன்று கேட்டுக்கொள். சும்மா எடுத்தால், நம்மைக் கைகாட்டுகிற தளங்கள் எல்லாம் ஒரு பள்ளத்தைக் கைகாட்டிக்கொண்டு நிற்கும். நம் விடுதி பழையபடி அடியில் போய்விடும். அதற்கு வழி இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தேடி வருகிறவர்களை அப்படியே அறைகளின் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். கைகாட்டும் பலன் போகாது, ஆட்களும் வருவார்கள், சக்ரின் பேரும் இருக்காது. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ரத்தாத் பேரைத் தேடி வருகிறவர்கள் கட்டிலைப் பார்ப்பார்கள். உனக்குச் சம்மதமா?

ஆகிஃப்

~

வாதி மூசா
15 செப்டம்பர் 2022

திருப்பிவிடு. எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஸிஹாம்

~

வாதி மூசா
9 அக்டோபர் 2022

ஆகிஃப்,

பெரியப்பா மறுபடி மஆனுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். நிச்சயம் ஆகிவிட்டது. விடுதியும் நிறைந்துதான் இருக்கிறது. நீ சொன்னபடியே எல்லாம் நடந்தது. இதை எழுத வேறு காரணம் இருக்கிறது.

சில நாளாக அம்மா சாப்பிடவில்லை. காலையில் ஒரு விருந்தாளியின் வாசல் வரைக்கும் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். மூன்றாம் அறை, முன்பு ரத்தாத் படுத்தது, அதில் ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். அவர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். அம்மா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அவன் கட்டில் இருக்கு. அவன் படுத்த ரூம் இருக்கு. அவன் எங்கடி? அவனை எங்கே எடுத்து வச்சீங்க?" என்றாள்.

அவள் ஓதுவதைக் கேட்கவில்லை ஆகிஃப். அவளுக்கு எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. மைக் படத்தை அழுத்திப் பேசினால் கேட்டது வரும் என்று ரத்தாத் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவன் போனபிறகு ஒவ்வொரு நாளும் தொழுகை முடிந்ததும் அதை அழுத்தி அவன் பேரைச் சொல்லியிருக்கிறாள். முதலில் நீ போட்ட பக்கம் வந்திருக்கிறது. அதைத் தொட்டால் அவன் படம் வந்திருக்கிறது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. சக்ர் யார், சமாதானம் என்ன, ஒன்றும் அதில் இருப்பதாக அவளுக்குத் தெரியாது. அவள் பிள்ளை காலையில் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். இப்போது பேரைச் சொல்லித் தொட்டால் கட்டிலும் முட்டையும் வருகிறது.

வீட்டில் இருக்கிற படத்தை எடுத்துக் கொடுத்தேன். தள்ளிவிட்டாள். "இது செத்தவன் படம். அது நான் கூப்பிட்டா வர்றது" என்றாள்.

அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். டிசம்பருக்குப் பிறகு இப்போதுதான். திருப்பிவிடு என்று எழுதினேனே, அந்தக் கைக்கு நானே சூடு வைக்க வேண்டும்.

ஏதாவது செய்.

ஸிஹாம்

~

அம்மான்
9 அக்டோபர் 2022

அக்கா,

அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்து நாற்காலிக்காரன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

திருப்பியதை எடுத்துவிட்டேன். பலன் போனால் போகட்டும். புதிதாக ஒரு பக்கம் போடுகிறேன். படமும் பேரும் மட்டும், சக்ர் இல்லை, விபத்து இல்லை, வாடகை இல்லை. பெரியப்பாவிடம் நீயே காட்டிவிடு.

ஒன்று தெரிய வேண்டும். ஆட்கள் என்ன சொல்லித் தேடுகிறார்கள் என்பதிலிருந்துதான் நாங்கள் தொடங்குவோம். உன்னிடமும் அதைத்தான் முதலில் கேட்டேன். அம்மா மைக்கில் சரியாக என்ன சொல்கிறாள்? ஒரு சொல் விடாமல் எழுது.

ஆகிஃப்

~

வாதி மூசா
10 அக்டோபர் 2022

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நம்மைச் சின்ன வயதில் கூப்பிட்டது போலத்தான் கூப்பிடுகிறாள், பிள்ளையையே அம்மா என்று. "ரத்தாத், யும்மா, எழுந்துட்டியா?" இவ்வளவுதான்.

ஸிஹாம்

~

அம்மான்
13 அக்டோபர் 2022

அக்கா,

போட்டுவிட்டேன். தலைப்பே அதுதான், "ரத்தாத், யும்மா, எழுந்துட்டியா?" அவள் சொல்வது போலவே. படம், தோட்டத்தில் தக்காளிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சிரிப்பானே, அது. கனத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறேன், அங்கே சிக்னல் குறைந்தாலும் உடனே திறக்கும். நம் தளத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் அதற்கு ஒரு சின்ன வழி வைத்தேன்.

இத்தனை வருஷத்தில் நான் செய்த வேலையில் இதுதான் சுலபம். இந்தச் சொற்களைச் சொல்லித் தேடுகிறவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. போட்டி இல்லை. ஆயிரம் பேரை வரவழைக்கத்தான் கற்றுக்கொண்டேன், ஒருத்திக்காக ஒரு பக்கம் போட்டதில்லை. தேடுபொறி அதைக் கண்டுபிடிக்க ஓரிரு நாள் ஆகும். அதுவரை அம்மாவிடம் ஏதாவது சொல்லிவை.

வந்ததும் எழுது.

ஆகிஃப்

~

வாதி மூசா
16 அக்டோபர் 2022

தம்பிக்கு,

வந்தான்.

இன்று காலை அம்மா தொழுகை விரிப்பைச் சுருட்டிவிட்டு மைக்கை அழுத்திக் கேட்டாள். தொட்டதும் தக்காளிப் பெட்டியோடு வந்தான். கொஞ்ச நேரம் பார்த்தாள். தலைத்துணி முனையால் திரையைத் துடைத்தாள். ஒரு ரொட்டியை எண்ணெயில் தொட்டுச் சாப்பிட்டாள், என்னையும் சாப்பிடச் சொன்னாள். தொட்டுக்கொள்ளும் ஜஃதர் பொடியில் உப்பு அதிகம் என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பெரியப்பாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதுல பேச்சு ஒண்ணும் இல்லையே. இருக்கட்டும்" என்றார். வெளியே போய்த் திண்டில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இன்னொன்று நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். சாப்பிட்டு முடித்ததும் அம்மா போனை மறுபடி எடுத்தாள். மைக்கை அழுத்தி, "ஆகிஃப், யும்மா, எப்ப வர்றே?" என்று கேட்டாள்.

யார் யாரோ வந்தார்கள். ஒரு பாடகன், ஒரு வக்கீல், எகிப்தில் ஒரு ஃபர்னிச்சர் கடை. அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். நீ இல்லை. போனை என்னிடம் கொடுத்து, "இவனுக்கு வேற மாதிரிக் கூப்பிடணுமோ?" என்றாள்.

இதற்கு நீ பக்கம் போடாதே. பஸ் ஏறு.

ஸிஹாம்